வாசலோடு நிற்பதா, வீட்டுக்குள் போவதா? நோய்க்காலத்தில் சிறிய இன்டர்நெட் ஆபரேட்டர்களுக்கான ஓர் ஒப்பீடு

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கை அறிவித்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் முதல் போன் வந்துவிட்டது. "தம்பி, நெட் வரல. பையனை வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க. இன்னிக்கே ஆள் அனுப்புங்க."

எங்கள் ஆபீஸில் அப்போது ஐந்து பேர். மூன்று லைன்மேன்கள், போன் எடுக்கும் ஒரு பெண், நான். மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவில் தொலைத்தொடர்பு, இன்டர்நெட், கேபிள் சேவைகளுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அதாவது ஏணியும் பையுமாகத் தெருவில் போகலாம். ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் காலை வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. அதை எங்களைப் போன்ற ஒவ்வொரு ஆபரேட்டரும் தானாகவே முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2021 ஜூன் முடிவதற்குள் நான் எல்லா வழிகளையும் ஒருமுறையாவது முயன்று பார்த்துவிட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம், கேரள எல்லையை ஒட்டிய கூடலூர்ப் பக்கம் இதே தொழில் செய்யும் ஒரு நண்பர். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்து, சில பகுதிகளைக் கட்டுப்பாட்டு மண்டலமாக அறிவித்தபோது அவர் போன் செய்தார். "அண்ணே, இங்கயும் வந்துட்டா பையன்களை அனுப்புறதா, வேண்டாமா?" என்று கேட்டார். அன்று அரைமணி நேரத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய கம்பெனி எடுக்கும் முடிவை நாம் அப்படியே எடுக்க முடியாது. பிரிட்டனில் வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் ஓபன்ரீச் நிறுவனம் 2020 மார்ச்சிலேயே, அவசியமானவை தவிர வீட்டுக்குள் போய்ச் செய்யும் வேலைகளைத் தள்ளி வைத்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ள நிறுவனத்தில் பத்துப் பேர் காய்ச்சலில் படுத்தாலும் வேலை நடக்கும். நம்மிடம் இருப்பது மூன்று பேர். அந்த மூவரும் ஒரே பைக்கில் போகிறவர்கள், ஒரே ஏணியைப் பிடிக்கிறவர்கள், ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். ஒருவருக்கு வந்தால் மற்ற இருவருக்கும் தனிமை. அந்த இரண்டு வாரமும் கம்பத்தில் ஏற ஆளில்லை. ஊருக்கே நெட் இல்லாமல் போகும். ஆகவே லைன்மேனின் உடம்பைக் காப்பதையும் சேவையைக் காப்பதையும் சின்ன ஆபரேட்டரால் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது.

<b>எல்லாவற்றையும் போனிலேயே முடிப்பது</b>

முதல் இரண்டு வாரம் நாங்கள் இதைத்தான் செய்தோம். வீட்டு விசிட் எதுவும் கிடையாது. வெளியே கேபிள் அறுந்தால் மட்டும் போவோம்.

நான் எதிர்பார்த்ததைவிட நிறையப் பிரச்சினைகள் போனிலேயே முடிந்தன. அதற்கு முன் எத்தனை தேவையில்லாத விசிட்டுக்குப் பையன்களை அனுப்பியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் ஓ.எல்.டி. என்கிற கருவி ஆபீஸில் இருக்கும், அதன் திரையைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மோடத்துக்குக் கரண்ட் போனால், அணைவதற்கு முந்தைய நொடியில் அது 'டையிங் கேஸ்ப்' என்று ஒரு செய்தி அனுப்பும். கடைசி மூச்சு மாதிரி. அது பதிவாகியிருந்தால் அடாப்டரோ சுவிட்சோதான் காரணம், கேபிள் நன்றாக இருக்கிறது. அது இல்லாமல் வெறும் 'லாஸ்' (ஒளி வரவில்லை) என்று காட்டினால் ஃபைபரில்தான் கோளாறு. இந்த ஒன்றைப் போன் எடுக்கும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தோம். "அம்மா, டிவி பக்கத்துல பச்சை லைட் எரியுதா? ஒண்ணுமே எரியலயா? அந்தச் சுவிட்சை ஒருதடவை பாருங்க" என்பதோடு பல கம்ப்ளெயின்ட் முடிந்தது.

ஃபைபருக்கு வரும் ஒளியின் அளவும் அதே திரையில் தெரியும். டிபிஎம் என்பது அதன் அளவுகோல், மைனஸ் எண் பெரிதானால் ஒளி குறைவு. முந்தின வாரம் மைனஸ் 20 டிபிஎம் இருந்தது, இன்று மைனஸ் 26 என்றால் எங்கோ வயர் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் சிவப்பு லைட் எரிய ஆரம்பிக்கும். வீட்டில் எல்லாரும் அடைந்து கிடந்த அந்த நாட்களில் கட்டிலையும் மேசையையும் இடம் மாற்றாதவர்கள் குறைவு. "கட்டிலுக்குப் பின்னாடி மஞ்சள் வயர் ஒண்ணு வரும், நசுங்கி இருக்கா பாருங்க" என்று கேட்டால் போதும். அவர்கள் கட்டிலை நகர்த்துவார்கள், நம் திரையில் மைனஸ் 20 திரும்ப வரும்.

இந்த வழியின் குறை என்ன என்றால், உண்மையிலேயே கோளாறு உள்ள வீடு அப்படியே நின்றுவிடுகிறது. எலி கடித்த வயரைப் போனில் சரிசெய்ய முடியாது. மோடம் புகைந்துபோனால் அதுவும் முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்த ஒரு அக்கா வீட்டில் பன்னிரண்டு நாள் நெட் இல்லை. அவர் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தார். இரவு வீடியோ காலில் பிள்ளைகளின் முகம் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி அந்த வைஃபைதான். "ஊரடங்கு முடியட்டும்க்கா" என்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

<b>மாஸ்க் போட்டு வழக்கம்போல் உள்ளே போவது</b>

அப்புறம் நாங்கள் எதிர்ப்பக்கம் போனோம். மாஸ்க், கையுறை, சானிடைசர், நெற்றியில் காட்டும் தெர்மல் கன் எல்லாம் வாங்கினோம். வெள்ளை பாதுகாப்பு உடையும் இரண்டு வாங்கினோம். மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறிய பையன் பத்தே நிமிடத்தில் தலை சுற்றி இறங்கிவிட்டான். அதோடு அந்த உடைகளை மடித்து வைத்தோம். தயவுசெய்து யாரும் அதில் காசு போடாதீர்கள். ஏணியில் நிற்பவனுக்கு அதனால் ஆபத்துதான் அதிகம்.

தெர்மல் கன்னும் பெரிதாக உதவவில்லை. கொரோனாவைப் பொறுத்தவரை காய்ச்சல் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து பரவும். அறிகுறியே இல்லாமலும் பரவும். 98 டிகிரி காட்டியது என்று நம்பி உள்ளே போவதற்கு அது ஆதாரமே இல்லை.

சானிடைசருக்குச் செலவழித்ததைச் சொல்லி மாளாது. 2020 மார்ச்சில் வந்த ஆய்வு ஒன்று, பிளாஸ்டிக்கில் மூன்று நாள்வரை வைரஸைக் கண்டறிய முடிகிறது என்றது. நாங்களும் திரும்பி வந்த மோடங்களைத் தேதி எழுதி மூன்று நாள் தனியாக அடுக்கி வைத்தோம். பொருளைத் தொட்டுப் பரவுவது மிகக் குறைவு, அடைத்த அறையின் காற்றில்தான் ஆபத்து என்பது தெளிவாக 2021 ஆகிவிட்டது. அதற்குள் நாங்கள் கதவுக் கைப்பிடியைத் துடைத்துவிட்டு, ஜன்னல் சாத்திய ஏசி அறையில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறோம். இதையொட்டி ஒரு சின்ன எச்சரிக்கை. சானிடைசரால் கனெக்டர் முனையைத் துடைக்காதீர்கள். அதில் கிளிசரின் கலந்திருக்கும், முனையில் படலமாக ஒட்டிக்கொண்டு ஒளியைக் குறைக்கும். வழக்கமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அந்த மாதங்களில் கிடைக்காமல் போனதால் நாங்கள் செய்த தவறு அது.

உள்ளே போவதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் ஊரில் லைன்மேன் வந்தால் வீடே கூடிவிடும். தாத்தா எட்டிப் பார்ப்பார், குழந்தை வந்து ஒளியை அளக்கும் பவர் மீட்டரைத் தொடும், வீட்டுக்காரர் தோளோடு தோள் நின்று "என்னப்பா ஆச்சு" என்பார். அந்தக் காலத்தில் ஆறடிக்குள் பதினைந்து நிமிடம் இருந்தாலே நெருங்கிய தொடர்பு என்று கணக்கிட்டார்கள். நம் விசிட் ஒவ்வொன்றும் அதைவிட நீளம். வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் மோர் வரும். வெயிலில் வந்த பையனுக்கு அன்பாகக் கொடுப்பது. அதை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வராது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அந்த அறையிலேயே நின்று குடிப்பான். அதுவரை கடைப்பிடித்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

2021 மே மாதம் எங்களுக்கு நடந்தது இதுதான். அந்த மாதம் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. எங்கள் பையன்கள் மூவருமே முப்பது வயதுக்குக் கீழே. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் தடுப்பூசி தொடங்கியதே மே 20-இல்தான். அதற்குச் சில நாள் முன்னால் ஒருவன் ஒரு வீட்டுக்குப் போனான். போனில் கேட்டபோது "யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றார்கள். உள்ளறையில் ஒருவர் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் இவனுக்குக் காய்ச்சல். மற்ற இருவரும் தனிமைக்குப் போனார்கள். நாற்பத்தாறு வயதில் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவன் பிழைத்து வந்தான். அவன் அம்மாவுக்குத்தான் ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்தது. அந்த எட்டு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் அவனோடு நின்றவன் என்கிற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

<b>கேள்வி கேட்டு வடிகட்டுவது</b>

"வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றால் மட்டும் அனுப்புவது என்று அன்று பல ஆபரேட்டர்கள் செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நோய் வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சென்னையில் சில இடங்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள், பால்காரர்கூடத் தெரு மாறிப் போனார். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் அப்படி ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லும் அளவுக்கு அது போயிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் நெட்காரன் கேட்கிறான் என்பதற்காக யார் உண்மையைச் சொல்வார்கள்? "ஆமாம்" என்றால் நெட் கிடைக்காது, தெருவுக்கும் தெரிந்துவிடும். எங்களிடம் பொய் சொன்ன குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது, பொய் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாத கேள்வியை நாங்கள்தான் கேட்டிருக்கிறோம் என்று பட்டது.

ஆகவே எந்த ஏற்பாடு செய்தாலும், அந்த வீட்டில் நோய் இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாதபடி அது இருக்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே முறை. கடைசியில் நாங்கள் நிலைத்து நின்றது அதில்தான்.

<b>வாசலோடு நிற்பது</b>

மூன்று பேரும் வேலைக்குத் திரும்பி வந்த பிறகு, 2021 ஜூனிலிருந்து லைன்மேன் படியைத் தாண்டுவதில்லை என்று வைத்தோம். கம்பத்திலிருந்து வாசல் சுவர் வரை நம் பொறுப்பு. சுவருக்கு உள்ளே இருப்பதை வீட்டுக்காரர் செய்வார், நாம் வெளியிலிருந்து சொல்லிக்கொடுப்போம்.

புது இணைப்பு என்றால் இப்படி நடக்கும். போர்டிகோவிலோ திண்ணைக்கு மேலேயோ கேபிள் வந்து முடியும் ஒரு சின்ன டெர்மினேஷன் பாக்ஸை ஆணியடித்து மாட்டுவான். திண்ணையில் உட்கார்ந்து கம்பத்திலிருந்து வரும் டிராப் கேபிளின் கறுப்புத் தோலை உரித்து, முடியளவு மெலிந்த அந்தக் கண்ணாடி இழையைத் துடைத்து, கிளீவர் என்கிற வெட்டும் கருவியில் வைத்து அழுத்துவான். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெட்டிய துணுக்கை டேப்பில் ஒட்டி, டேப்பைச் சுருட்டி டப்பாவில் போடுவான். இழையைக் கனெக்டருக்குள் செருகி மீட்டரில் பார்ப்பான். மைனஸ் 19. சரி, பாக்ஸுக்குள் விட்டு மூடிவிடலாம். அப்புறம் மஞ்சள் துணிப்பை ஒன்றைக் கேட் கொக்கியில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்பான். பைக்குள் ஆபீஸிலேயே யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் போட்ட மோடம், அடாப்டர், இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள பதினைந்து மீட்டர் பேட்ச் கார்டு, பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாள். வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஜன்னல் வழியே வயரின் ஒரு முனை வெளியே வரும். பையன் அதைப் பாக்ஸில் செருகுவான். உள்ளே பச்சை லைட் எரியும்.

பழுதும் பெரும்பாலும் இதே மாதிரிதான். மோடம் மாற்ற வேண்டுமா? புதியது பையில் உள்ளே போகும், பழையது பையில் வெளியே வரும்.

வீட்டுக்காரர் கையில் கொடுக்கக்கூடாத வேலைகளும் உண்டு. ஃபைபரை வெட்டுவது, கனெக்டர் அடிப்பது இரண்டையும் எக்காரணம் கொண்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. அதுபோல "வெளிச்சம் வருதா பாருங்க" என்று வயர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொல்லவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். செருகுவது, கழற்றுவது, சுவிட்சைப் போடுவது. இதற்கு மேல் எதையும் அவர்கள் செய்ய வேண்டாம். பச்சை முனையைப் பச்சை ஓட்டையில் மட்டும் செருக வேண்டும் என்பதைத் தாளில் படமாகவே போட்டுவிடுங்கள். நீல முனையைச் செருகிவிட்டு "லைட் எரியுது, ஆனா ஸ்லோ" என்று வந்த கம்ப்ளெயின்ட் எங்களுக்கு நிறைய.

இந்த வழிக்குச் செலவு கூடுதல். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள மோடம் ஏழெட்டாவது செட் செய்து தயாராக வைத்திருக்க வேண்டும். நீளமான பேட்ச் கார்டு தனிச் செலவு. ஜன்னலில் தொங்கும் வயர் அழகாகவும் இருக்காது, "நோய் முடிஞ்சதும் வந்து ஒழுங்கா அடிச்சுத் தர்றோம்" என்று சொல்லி, சொன்னபடி போய்ச் செய்துகொடுத்தோம். அபார்ட்மென்ட் என்றால் மாடிப்படி அருகே கேபிள் ஏறும் ஷாஃப்ட்டிலேயே வேலை முடிந்துவிடும், லிஃப்ட் வேண்டாம், படியேறிப் போகச் சொல்லுங்கள். இந்தச் செலவையும் மூன்று பேரும் ஒன்றாக வேலைக்கு வர முடியாமல் போன அந்த மாதம் எனக்கு ஆன நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மோடம் வாங்கிய காசு மிகச் சிறியது.

கூடலூர் நண்பருக்கு நான் சொன்னதும் இதைத்தான்: முதல் நாளிலிருந்தே வாசல் முறை, எல்லா வீட்டுக்கும். போனில் தீர்ப்பதை அதற்கு முன்படியாக வைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத புதிய நோய் வந்தால், அது எப்படிப் பரவுகிறது என்று தெளியச் சில மாதங்கள் ஆகும். காற்றிலா, தொட்டா என்று தெரியாத அந்த மாதங்களிலும் வாசல் முறை தாங்கும். தொட்டாலே பரவும் நோய் என்றால் மட்டும் பழைய மோடம் வரும் பைக்கு வேறு ஏற்பாடு தேவைப்படும்.

இதனோடு இரண்டு விஷயங்களையும் சேர்க்க வேண்டும். மூன்று பேரில் ஒருவரை வாரம் மாற்றி வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவர் மற்றவர்களோடு கலக்கக்கூடாது, அவருக்குத் தனி டூல் பை. மற்ற இருவரும் படுத்தாலும் ஒருவர் மிஞ்சுவார். இரண்டாவது, சம்பளம். ஒரு கம்ப்ளெயின்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால், தொண்டை வலிக்கிறவனும் சொல்லாமல் வேலைக்கு வருவான். நோய்க்காலம் முடியும்வரை மாதச் சம்பளமாக மாற்றிவிடுங்கள், தனிமையில் இருக்கும் நாளுக்கும் சேர்த்து. இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவுமே நிற்காது.

சில வீடுகளுக்கு வாசல் முறை போதாது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இருவர் மட்டும், ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர்களிடம் பையைக் கொடுத்து வயரைச் செருகச் சொல்ல முடியாது. அவர்களுக்குத்தான் நோய் தொற்றினால் ஆபத்தும் அதிகம், நம் பையனிடமிருந்து அவர்களுக்குப் போகலாம். முதலில் பக்கத்து வீட்டில், அவர்களோடு ஏற்கெனவே போக்குவரத்து உள்ள யாராவது இருக்கிறார்களா என்று கேட்போம். பெரும்பாலும் இருப்பார்கள். இல்லையென்றால் உள்ளே போகச் சம்மதிக்கும் லைன்மேனைக் கேட்போம். அவன் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவோம், காரணம் கேட்பதில்லை. போகிறான் என்றால், அரைமணி முன்பே போன் செய்து எல்லா ஜன்னலையும் திறந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு, மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ போய் உட்காரச் சொல்லுவோம். நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து, கேட்டருகே நின்று போன் செய்வான். "தாத்தா, முடிஞ்சுது. உள்ள வாங்க. மோர் எல்லாம் வேண்டாம், அடுத்த தடவை வந்து குடிக்கிறேன்."